பாண் உத்தரம்

தலவாக்கலை ரயில் நிலையத்திலிருந்து வந்த லொறி எங்கள் தொழிற்சாலை வாசலில் நின்றபோது அதன் பின்புறத்தில் ஆறு இரும்புத் தகடுகள் நீட்டிக்கொண்டிருந்தன. நுனியில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் கேட்டைத் திறக்காமல் லொறியைச் சுற்றி வந்து தகடுகளை எண்ணினேன். ஒவ்வொன்றும் இருபதடி நீளம், ஒரு சாண் அகலம். சாரதிக்குப் பக்கத்தில் தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், வாயில் அணைந்துபோன சுருட்டு. "கேட்டத் தொறங்க. நான் நனையிறதப் பத்தி இல்ல, இரும்பு நனையுது" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். வந்ததும் வராததுமாக அதிகாரம் பண்ணுகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு தடவை நிதானமாகச் சுற்றி வந்து, மறுபடி எண்ணிவிட்டுத்தான் திறந்தேன்.

லிந்துலைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தின் தொழிற்சாலைக்கு நான் காவல்காரன். ஸ்டோர் என்றுதான் நாங்கள் சொல்வோம். வேலை முடிந்து போகிறவர்களை வாசலில் நிறுத்தி, தேயிலைத் தூளை யாராவது மறைத்துக் கொண்டுபோகிறார்களா என்று பார்ப்பது என் வேலை. ஆண்கள் மடியை அவிழ்த்துக் காட்ட வேண்டும், பெண்கள் முந்தானையை உதறிக் காட்ட வேண்டும். என் மனைவி தூள் சலிக்கிற அறையில் காம்பு பொறுக்கினாள். அவளையும் உதறச் சொல்வேன். மற்றப் பெண்கள் சிரிப்பார்கள். "ராத்திரி சோத்துல உப்பக் கூட்டிப் போடுடி" என்று அவளுக்கு யோசனை சொல்வார்கள். எனக்கு அதில் வெட்கம் கிடையாது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவனை நம்பி ஒரு கேட்டைக் கொடுத்திருக்கிறார்கள் என்ற பெருமைதான் இருந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து, எங்களுக்கு மட்டும் பிரஜாவுரிமையும் ஓட்டும் இல்லையென்று ஆகிப்போன வருடங்கள் அவை. புதிதாக யார் வந்தாலும் எதைப் பிடுங்கிக்கொண்டு போக வந்திருக்கிறானோ என்றுதான் தோட்டமே பார்க்கும். நான் கொஞ்சம் அதிகமாகவே பார்ப்பேன்.

வந்தவர் கொழும்பில் ஒரு பட்டறையைச் சேர்ந்த, இரும்பு வேலை செய்கிற பிட்டர். தொழிற்சாலையின் மேல்மாடிகளில்தான் பச்சைக் கொழுந்தைச் சாக்குத் தட்டுகளில் பரப்பி வாட்டுவார்கள். அந்த மாடிகளைத் தாங்கிய பழைய மர உத்தரங்கள் உளுத்துப்போயிருந்தன. போதாததற்குக் கீழே கொழுந்து அரைக்கிற அறைக்குப் புதிதாக ஒரு பெரிய மிஷின் வரப்போகிறது. அதற்கு இடம் விட வேண்டுமென்றால் நடுவிலிருக்கும் தூண்களை எடுத்தாக வேண்டும். தூணில்லாமல் சுவருக்குச் சுவர் நிற்க வெறும் மரத்தால் ஆகாது. அதனால் இரண்டு பாலைமரப் பலகைகளுக்கு நடுவில் ஓர் இரும்புத் தகட்டை வைத்து, போல்ட் போட்டு முடுக்கி ஒரே உத்தரமாக்குவது என்று ஏற்பாடு. மரம் வளையாமல் இரும்பு பார்த்துக்கொள்ளும், இரும்பு பக்கவாட்டில் நெளியாமல் மரம் பார்த்துக்கொள்ளும் என்று, தேயிலை தயாரிப்பைக் கவனிக்கிற டீமேக்கர் ஐயா விளக்கினார். எங்கள் ஆட்களுக்கு அந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. இரண்டு துண்டுப் பாண் ரொட்டிக்கு நடுவில் சம்பல் வைத்த மாதிரி இருக்கிறது என்று பாண் உத்தரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பக்கத்தில், சலிக்கிற அறைக்கு மேலேயும் ஆறு உத்தரங்கள் மாற்ற வேண்டியிருந்தன. அங்கே மிஷின் எதுவும் வரப்போவதில்லை என்பதால் இரும்பு வேண்டாம், இரண்டு பலகையைச் சேர்த்துப் போல்ட் போட்டால் போதும் என்று தோட்டத்தின் வெள்ளைக்காரத் துரை முடிவு செய்திருந்தார். ஆறு தகடுகள் மட்டும் வந்ததற்கு அதுதான் காரணம்.

பிட்டர் முதல் வாரம் முழுக்க ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை. நூல் கட்டினார், மூங்கில் வெட்டிச் சுவருக்குச் சுவர் நிறுத்தினார், மூங்கிலில் கோடு கிழித்தார். எங்கள் தொழிற்சாலை ஒரே மூச்சில் கட்டியதல்ல. ஒவ்வொரு துரையும் ஒவ்வொரு பக்கம் நீட்டியது. எந்தச் சுவரும் எதிர்ச் சுவருக்கு நேராக இல்லை. கொழும்பிலிருந்து வந்த வரைபடத்தில் எல்லா உத்தரமும் ஒரே நீளம் என்று இருந்ததாம். அதைச் சுருட்டிப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டு, பன்னிரண்டு இடத்துக்கும் பன்னிரண்டு அளவு எடுத்தார். ஒவ்வொரு பலகையிலும் சிவப்புச் சாயத்தில் அறைவாரியாக ஒன்று முதல் ஆறு வரை நம்பர் எழுதினார். மூன்றாம் நம்பர் நான்காம் இடத்துக்குப் பொருந்தாது. போல்ட் ஓட்டைகளையும் ஒரே வரிசையில் போடவில்லை. ஒன்று மேலே, ஒன்று கீழே, நடுவில் நெருக்கமாக, ஓரத்தில் தள்ளி. எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் யார் வேண்டுமானாலும் எண்ணிப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் வேறு வேறாக இருந்தால் அவரைத் தவிர யாருக்கும் எதுவும் புரியாது. அதற்காகத்தான் இப்படிச் செய்கிறார் என்று நான் முடிவு கட்டினேன்.

இரண்டாவது வாரம் பழைய விறகுக் கொட்டகைக்குள் வேலையை வைத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே இரும்பு அறுக்கிற சத்தம் நாள் முழுக்கக் கேட்டது. "தூசு போவுது, மழைச்சாரல் அடிக்குது, தகட்டுக்குச் செவப்பு மெழுகு பூசியிருக்கேன்" என்று ஏதேதோ காரணம். நான் தேநீர் கொண்டுபோனால் பாதிக் கதவைத் திறந்து வாங்கிக்கொண்டு சாத்துவார். நான் எட்டிப் பார்த்தால், "இன்னும் என்ன வேணும்?" என்பார். எனக்கு என்ன வேண்டுமென்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

அதே வாரம் அவர் கொழுந்து நிறுக்கிற அளவறைக்குப் பக்கத்தில் துரையோடு வாக்குவாதம் செய்ததைக் கேட்டேன். சலிக்கிற அறையின் பின்சுவர் வரைபடத்தில் காட்டியதைவிட ஒன்றரை அடி தள்ளி இருக்கிறது, மேலே பரப்புகிற ஈரக் கொழுந்தின் பாரம் இரண்டு பக்கமும் ஒன்றுதான், அங்கேயும் இரும்பு இல்லாமல் ஆகாது, இன்னும் ஆறு தகடு எடுத்துத் தாருங்கள் என்றார் பிட்டர். துரைக்கு எங்கள் தமிழ் கட்டளை போடுகிற அளவுக்கு வரும். "பொம்பளை உக்கார்ற இடம். இரும்பு வேணாம். மரம் போதும், போ" என்றார். அந்தப் பேச்சில் எனக்குத் துரை மேல் கோபம் வந்திருக்க வேண்டும். அங்கே உட்காருகிற பெண்களில் ஒருத்தி என் மனைவி. ஆனால் எனக்கு வந்த யோசனை வேறு. ஆறு தகடு போதாமல் இன்னும் ஆறு கேட்கிறானே, விற்பதற்கு ஆள் பிடித்துவிட்டான் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

உத்தரங்களை மேலே ஏற்றினார்கள். பன்னிரண்டுக்கும் அடிப்பக்கத்தில் மெல்லிய பலகை ஒன்றை நீளவாக்கில் வைத்து ஆணி அடித்து மூடியிருந்தார். நியாயமாகப் பார்த்தால் இரண்டு மரத்துக்கு நடுவே தகட்டின் விளிம்பு கீழிருந்து தெரிய வேண்டும். "அடியில எதுக்குங்க பலகை?" என்று கேட்டேன். "ஆவி படாம இருக்க" என்றார். சலிக்கிற அறை உத்தரத்தைத் தூக்கிய ஆட்கள், வெறும் மரம் இவ்வளவு கனக்குமா என்று முனகினார்கள். "ஈர மரம், அப்பிடித்தான் இருக்கும்" என்று அவர் சொல்ல, நானும் தலையாட்டினேன். கழுகு மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தவன், சந்தேகப்பட வேண்டிய அந்த ஒரே இடத்தில் கோட்டைவிட்டேன்.

அடுத்த வாரம் மாரியம்மன் திருவிழா. தோட்டமே கோயிலில் இருந்தது. பகல் நேரத்தில் தொழிற்சாலையில் நான் ஒருவன்தான். தேயிலைப் பெட்டிக்கு அடிக்கிற நீள ஆணி நாலைந்தும் ஒரு சுத்தியலும் எடுத்துக்கொண்டு மிஷின் அறையில் ஏணி போட்டு ஏறினேன். முதல் உத்தரத்தின் நடுவில், அடிப்பலகை வழியாக ஆணியை இறக்கினேன். டிங் என்று நின்றது. இரும்பு இருக்கிறது. ஏணியைச் சுவர்ப்பக்கம் தள்ளி மறுபடி அடித்தேன். ஆணி முழுதாக உள்ளே போய்விட்டது. ஓரத்தில் இரும்பு இல்லை. தகட்டின் கனத்துக்கு மரத்தைச் சீவி இடையில் சொருகியிருக்கிறார். ஆறு உத்தரத்திலும் அடித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நடுவில் பன்னிரண்டு அடிதான் இரும்பு. ஒவ்வொரு தகட்டிலும் எட்டடி காணவில்லை. கோயிலில் மேளம் கொட்டிக்கொண்டிருந்தது. எனக்காகவே கொட்டுகிற மாதிரி ஒரு சந்தோஷம். சலிக்கிற அறைப் பக்கம் ஏணியைக் கொண்டுபோக எனக்குத் தோன்றவில்லை. அங்கேதான் இரும்பே கிடையாதே. கேட்டைத் தாண்டி வெளியே போவதுதான் திருட்டு என்று பழகிய காவல்காரனுக்கு, ஒரு பொருள் உள்ளேயே இடம் மாறியிருக்கலாம் என்று எப்படித் தோன்றும்? என் கேட்டு வழியாகப் போகவில்லை, அப்படியானால் விறகு வண்டியில் போட்டுப் பின்வழியாகக் கடத்தியிருக்கிறான் என்று கணக்கை முடித்துக்கொண்டேன்.

டீமேக்கரிடம் சொன்னேன். அவர் துரையிடம் சொன்னார். மறுநாள் காலையில் எல்லோரும் பார்க்க ஓர் உத்தரத்தின் அடிப்பலகையைப் பெயர்த்தார்கள். நான் சொன்னது அப்படியே இருந்தது. துரை பிட்டரைக் கூப்பிட்டு, "மிச்சம் எங்கே?" என்று கேட்டார். பிட்டர் மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, "நான்தான் தொரை எடுத்தேன். வித்துட்டேன்" என்றார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. உத்தரம் தாங்குமா என்று துரை கேட்டதற்கு மட்டும் அவர் குரல் உயர்ந்தது. "பாரம் நடுவுலதான் தொரை அமுக்கும். செவுத்து ஓரத்துல இரும்பு தேவையில்ல. வேணும்னா பாரம் ஏத்திப் பாருங்க." ஏற்றிப் பார்த்தார்கள். மேலே மணல் மூட்டைகளை அடுக்கி, கீழே நூல் கட்டி நாள் முழுக்க வைத்துப் பார்த்தார்கள். நூலுக்கும் மரத்துக்கும் இருந்த இடைவெளி மாறவில்லை. "வேலை சுத்தம், ஆள்தான் கள்ளன்" என்றார் டீமேக்கர். மிஷின் ஓட வேண்டுமே, அதனால் பொலிசுக்குப் போகவில்லை. இனி இந்த ஆளை எந்தத் தோட்டத்துக்கும் அனுப்ப வேண்டாம் என்று பட்டறைக்குக் கடிதம் எழுதினார் துரை. என் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

பிட்டர் போகும்போது அவருடைய தகரப் பெட்டியை வாசலில் வைத்துச் சோதித்தேன். இரண்டு சட்டை, ஒரு நூலுருண்டை, சுருட்டுக் கட்டு. பெட்டியை மூடுகிறபோது அவர் கேட்டார்.

"ஒங்க வீட்டுக்காரம்மா சலிக்கிற ரூம்ல எந்தப் பக்கம் ஒக்காருறாங்க?"

"எதுக்கு?"

"சொல்லுங்க."

"பின்செவுத்துப் பக்கம்."

"அப்போ மூணாம் நம்பருக்குக் கீழ. அங்கயும் ஏறி ஆணி அடிச்சுப் பாருங்க. பாத்துட்டு வாய மூடிக்கிட்டு இருங்க. தொரைக்குத் தெரிஞ்சா கழட்டி மிஷின் பக்கம் மாட்டிருவாரு."

நான் விடவில்லை. "இத அங்கயே சொல்லியிருக்கலாமேங்க. கள்ளன்னு ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"சொன்னா இரும்பு அங்க நிக்குமா?" என்றார் எரிச்சலாக. "கள்ளன்னு சொன்னா சொல்லிட்டுப் போறானுக. நான் போட்ட உத்தரம் எறங்கிருச்சுன்னு எவனும் சொல்லக் கூடாது." அவ்வளவுதான். என்னை மன்னிக்கவுமில்லை, திட்டவுமில்லை. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தலவாக்கலைப் பாதையில் நடந்தார்.

அப்போதும் நான் அவரை நம்பவில்லை. போகிற போக்கில் ஒரு கதையைக் கட்டிவிட்டுப் போகிறான் என்றுதான் நினைத்தேன். பகல் சாப்பாட்டுக்கு எல்லோரும் கலைந்தபிறகு ஏணியை எடுத்துக்கொண்டு சலிக்கிற அறைக்குப் போனேன். மூன்றாம் நம்பரின் நடுவில் ஆணியை வைத்து அடித்தேன். டிங் என்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது வெட்கமில்லை, பயம். யாருக்காவது கேட்டிருக்குமோ என்று ஏணியில் நின்றபடியே சுற்றுமுற்றும் பார்த்தேன். ஆணியைப் பிடுங்கி, துளையில் மெழுகை அடைத்து, அதன் மேல் கரியைத் தேய்த்தேன். கீழே பார்த்தால் என் மனைவி உட்காருகிற சாக்கு மடித்து வைத்தபடி கிடந்தது. அப்புறம்தான் வெட்கம் வந்தது.

அதற்குப்பின் என் காவல் தலைகீழாகிவிட்டது. வாசலைப் பார்க்க வேண்டியவன் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுத்தியலோடு யார் உள்ளே வந்தாலும் பின்னாலேயே போவேன். துரை சலிக்கிற அறையில் நின்று அண்ணாந்து பார்த்தால் எனக்கு வியர்க்கும். தோட்டத்திலோ பிட்டரின் பெயர் ஒரு வசையாகிவிட்டது. தலைமுடியை ஒட்ட நறுக்கினாலும், துணியைக் குறைத்துத் தைத்தாலும், மீனில் நடுத்துண்டு காணாமல் போனாலும் பிட்டர் வெட்டு என்பார்கள். என் மனைவியும் சொல்வாள். நான் ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தால், "இதென்னங்க பிட்டர் வெட்டு?" என்று சிரிப்பாள். அவள் தலைக்கு மேலே அந்த ஆளின் எட்டடி இரும்பு இருக்கிறது என்று நாக்கு நுனி வரை வரும். அவளிடம் சொன்னால் நாற்பது பெண்களுக்குத் தெரியும், நாற்பது பெண்களுக்குத் தெரிந்தால் துரைக்குத் தெரியும். பெண்களுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று என்னை நானே மெச்சிக்கொள்வேன். நடு நடுவே ஊரார் என்னைக் கெட்டிக்காரக் காவல்காரன் என்று சொல்வதும் காதுக்கு இனிப்பாகத்தான் இருந்தது. அதையும் மறைக்கக் கூடாது.

அறுபதுகளின் நடுவில் தோட்டம் கைமாறி, வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போய்விட்டார். புதிய துரை மாடிகளைப் பிரித்து முழு இரும்பு உத்தரம் போட ஏற்பாடு செய்தார். சலிக்கிற அறை உத்தரங்களை இறக்கிப் போல்ட்டைக் கழற்றியபோது, ஒவ்வொன்றின் நடுவிலிருந்தும் சிவப்பு மெழுகு பூசிய எட்டடித் தகடு வந்தது. துரு ஒரு பொட்டுக்கூட இல்லை. பெண்களெல்லாம் சுற்றி நின்று பார்த்தார்கள். "வெறும் மரம்னுதானே சொன்னாங்க?" என்று ஒருத்தி கேட்டாள். ஆட்களை வேலை வாங்குகிற பெரிய கங்காணி உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "பழைய தொரை தங்கமான மனுசன். வெளியில சொல்லிக்காம பொம்பளைங்களுக்கும் இரும்பு வெச்சிருக்காரு பாரு." எல்லோரும் ஆமாம் என்றார்கள். கங்காணி என் பக்கம் திரும்பி, "நீதானே அப்போ கேட்டுல இருந்தே. ஒனக்கு ஏதாச்சும் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க" என்றேன்.

இனி யாரும் கழற்றி எடுக்கப்போவதில்லை. கழற்றியதுதான் தரையில் கிடக்கிறதே. சொல்லாமலிருக்க ஒரு காரணமும் மிச்சமில்லாத அந்த நிமிடத்தில்தான் நான் தெரியாது என்றேன்.

சாயங்காலம் லயத்தில் எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தபோது என் மனைவி கேட்டாள். "ஏங்க, மிஷின் பக்கம் இருந்தது பன்னெண்டு அடி. எங்க பக்கம் இருந்தது எட்டடி. ரெண்டும் சேந்தா இருபதுதானே?"

நான் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைத் தரையில் வைத்தேன்.

"எப்போ தெரியும்?"

"அந்தாளு போன அன்னைக்கே."

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடுப்பிலிருந்த விறகை உள்ளே தள்ளிவிட்டு, நான் சொன்னதை முழுதாகக் கேட்டாள். "இத்தன வருசம் எங்களுக்காகச் சும்மா இருந்தீங்க. சரி. இன்னைக்கு யாருக்காகங்க சும்மா இருந்தீங்க?" என்றாள்.

மறுநாள் விடியற்காலையில் எல்லோரும் பெயர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் போய் நின்றேன். இருநூறு பேர் இருந்தார்கள். பிட்டர் திருடவில்லை, அந்த இரும்பைப் பெண்களின் தலைக்கு மேலே வைத்தவர் அவர்தான், திருடன் என்று காட்டிக்கொடுத்தவன் நான், தெரிந்தும் மறைத்தவனும் நான் என்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். முன்பு அவரைக் கள்ளன் என்று சொல்ல எனக்கு ஓர் ஆணி போதுமாக இருந்தது. அன்று யாரும் என்னிடம் மறுகேள்வி கேட்கவில்லை. இப்போது கூட்டம் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தது. சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். பெரிய கங்காணி கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு என் அருகில் வந்தார்.

"இத்தன வருசமாச் சொல்லாம இப்ப வந்து எதுக்குடா சொல்றே?" என்று கேட்டார். "அந்தாளு எங்கயாச்சும் ஒன்னப் பாத்து ஏதாச்சும் குடுத்தானா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைக் கேலி செய்யவில்லை, உண்மையிலேயே சந்தேகப்பட்டுத்தான் கேட்டார். அவர் இடத்தில் நான் நின்றிருந்தால், எனக்கும் முதலில் அந்தக் கேள்விதான் வந்திருக்கும்.